ஜே1744 கிளெய்ம்: ஐகாட்டிபாண்ட் ஊசி பில்லிங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க டாக்டர்களின் பில்லிங்கை இங்கே சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து பார்க்கிறோம். அதில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் கிளெய்ம், அதாவது இன்ஷூரன்ஸிடம் காசு கேட்கும் பில், ஐகாட்டிபாண்ட் ஊசி. ஹெச்ஏஇ என்ற அபூர்வ வீக்க நோய்க்கான மருந்து என்பதால் கை பழகுகிற அளவுக்கு வராது. ஆனால் ஒரே சிரிஞ்சின் விலை ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், அதனால் ஒரு எண் தவறினாலும் கிளினிக்கின் கையைக் கடித்துவிடும். புதிதாகச் சேர்ந்த கோடர்கள், சார்ஜ் என்ட்ரி ஆட்கள், வராத காசைக் கேட்டு இன்ஷூரன்ஸுக்கு போன் போடும் ஏஆர் காலர்கள் என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்தை யார் காசு போட்டு வாங்கியது? யார் கையால் உடம்பில் ஏறியது? ஜே1744 என்பது இந்த மருந்தின் பில்லிங் கோடு; இந்த இரண்டும் தெரியாமல் ஜே1744 கிளெய்மைத் தொடக்கூடாது.

ஹெச்ஏஇன்னா என்ன அக்கா? அலர்ஜி வீக்கம்தானே அது?

இல்லை, குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹெச்ஏஇ என்பது பரம்பரையாக வரும் ஆஞ்சியோஎடிமா. பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் குறைவாக இருக்கும், அல்லது அளவு சரியாக இருந்தும் வேலை செய்யாது. அதனால் பிராடிகைனின் என்ற பொருள் கட்டுப்பாடில்லாமல் சுரந்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து முகம், கை, கால் வீங்கும். குடல் சுவர் வீங்கினால் தாங்க முடியாத வயிற்று வலி வரும். தொண்டை வீங்கினால் மூச்சே அடைத்துவிடும். சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள்.

சாதாரண அலர்ஜி வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின். அதற்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின், ஸ்டெராய்டு, எபிநெஃப்ரின் எதுவும் இதில் எடுபடாது. பேயர், அதாவது காசு தரும் இன்ஷூரன்ஸ், ஏன் இத்தனை ரெக்கார்டு கேட்கிறது, டயக்னோசிஸ் கோடில் ஏன் இவ்வளவு கறார் என்பதெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

ஐகாட்டிபாண்ட் எவ்வளவு போடுவாங்க? டோஸ் எல்லாம் பில்லருக்கு எதுக்கு?

டோஸ் தெரியாமல் யூனிட் போட முடியாது, அதற்குத்தான். இது பிராடிகைனின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மருந்து. ஃபிராசிர் என்ற பெயரில் 2011 ஆகஸ்டில் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அப்போது ஷையர் கம்பெனியின் மருந்து, 2019-இல் ஷையரை டகேடா வாங்கிவிட்டது. அதே 2019-இல் ஜெனரிக்கும் வந்தது.

3 மில்லியில் 30 மில்லிகிராம் நிரப்பிய சிரிஞ்சு. வயிற்றுப் பகுதித் தோலுக்கு அடியில், குறைந்தது 30 விநாடி எடுத்து மெதுவாகப் போட வேண்டும். வீக்கம் அடங்காவிட்டால் 6 மணி நேரம் கழித்து அடுத்தது. 24 மணி நேரத்தில் மூன்று டோஸுக்கு மேல் கூடாது. அமெரிக்க லேபிளில் இது 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். 15 வயதுப் பையன் பெயரில் ஜே1744 வந்தால் நிறுத்தி, ஆத், அதாவது பேயரின் முன் அனுமதி, இருக்கிறதா என்று பாருங்கள்.

சிரிஞ்சு ஒண்ணுதானே போட்டாங்க, ஜே1744-க்கு 1 யூனிட் போட்டா போதாதா?

போதாது. கோடின் விளக்கமே "ஊசி, ஐகாட்டிபாண்ட், 1 மில்லிகிராம்" என்பதுதான். ஒரு யூனிட் என்றால் ஒரு மில்லிகிராம். 30 மில்லிகிராம் சிரிஞ்சு ஒன்று போட்டால் 30 யூனிட். சிலர் 3 மில்லியைப் பார்த்துவிட்டு 3 யூனிட் போடுவார்கள், அதுவும் தப்பு.

இந்தத் தப்பில் பெரிய ஆபத்து, இது டினை ஆகாது, அதாவது பேயர் மறுக்காது. நான் ஆடிட் பார்த்த ஒரு கிளினிக்கில் மாதக்கணக்கில் 1 யூனிட் என்றே போய்க்கொண்டிருந்தது. பேயரும் ஒரு மில்லிகிராமுக்கு உரிய காசை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்டேட்டஸ் "பெய்டு" என்று இருந்ததால் ஏஆர் டீம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டினை ஆன கிளெய்மைத்தானே நாம் துரத்துகிறோம்? கண்டுபிடித்தபோது சில கிளெய்ம்களுக்குத் திருத்தி அனுப்பும் கெடுவே முடிந்துவிட்டது. முப்பதில் ஒரு பங்கு காசுக்கு மருந்து கொடுத்த மாதிரி. அதிலிருந்து ஜே1744 லைனில் 30, 60, 90 தவிர வேறு எண் இருந்தால் சிவப்புக் கொடி காட்டும்படி சாஃப்ட்வேரில் எடிட் போடச் சொல்வேன்.

டயக்னோசிஸ் டி84.1-ஆ, டி78.3-ஆ? ரெண்டும் ஆஞ்சியோஎடிமாதானே?

முதலில் எழுத்துச் சிக்கலைத் தீர்ப்போம். தமிழில் எழுதினால் இரண்டுமே "டி". போனில் சொன்னாலும் அப்படித்தான் கேட்கும். ஏஆர் கால்களில் சொல்கிற மாதிரியே இங்கேயும் டேவிட்-டி, டாம்-டி என்று வைத்துக்கொள்வோம். டேவிட்-டி84.1 என்பது காம்ப்ளிமென்ட் சிஸ்டத்தில் உள்ள குறைபாடு, சி1 எஸ்டரேஸ் இன்ஹிபிட்டர் குறைபாடு இதற்குள்தான் வரும். டாம்-டி78.3எக்ஸ்எக்ஸ்ஏ என்பது அலர்ஜி வகை ஆஞ்சியோஎடிமா. நோய்க் கோடுகளின் தொகுப்பான ஐசிடி-10 இண்டெக்ஸில் ஆஞ்சியோஎடிமா என்று தேடினால் டாம்-டி78.3 வரும், அதற்குக் கீழே "பரம்பரை" என்ற துணைச்சொல்லைப் பிடித்தால் டேவிட்-டி84.1. பாதியிலேயே நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டேவிட்-டி84.1-க்கு ஏழாவது எழுத்து கிடையாது, பின்னால் எதையும் ஒட்ட வேண்டாம்.

இன்னொரு வலை இருக்கிறது. டாக்டர் "ஆஞ்சியோஎடிமா, ஹெச்ஏஇ-ஆக இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் டேவிட்-டி84.1 போடக்கூடாது. அவுட்பேஷண்ட் விதிப்படி "சந்தேகம்", "இருக்கலாம்" என்பதை உறுதியான நோயாகக் கோடு செய்ய முடியாது. அந்த நோட்டில் நமக்குக் கிடைப்பது டாம்-டி78.3எக்ஸ்எக்ஸ்ஏ மட்டுமே, அதை ஜே1744-உடன் அனுப்பினால் பேயர் திருப்பி அடிக்கும். பழைய விசிட்டில் ஹெச்ஏஇ உறுதியாகியிருக்கிறதா என்று பார்த்து டாக்டருக்கு ஒரு க்வெரி அனுப்புங்கள். நாமாக ஊகித்துக் கோடு மாற்றுவது வேண்டவே வேண்டாம்.

ஊசி போட்டதுக்குத் தனியா காசு கேட்கலாமா?

கேட்கலாம், கிளினிக் ஆள் போட்டிருந்தால். தோலடி ஊசி போடும் வேலைக்கான கோடு சிபிடி 96372. அதே நாளில் டாக்டர் தனியாகப் பரிசோதித்து முடிவெடுத்து நோட் எழுதியிருந்தால் ஈ/எம், அதாவது டாக்டர் பரிசோதனைக்கான கோடும் போகும், அதற்கு மாடிஃபயர் 25 என்ற துணைக் குறியைச் சேர்க்க வேண்டும். ஊசிக்கு மட்டும் வந்து போனவருக்கு ஈ/எம் கிடையாது. 99211 என்ற மிகச் சிறிய ஈ/எம் கோடை 96372-உடன் சேர்த்து அனுப்பும் பழக்கம் சில கிளினிக்குகளில் இருக்கிறது. அது போகாது.

இடமும் முக்கியம். ஊசி போட்ட இடத்தைச் சொல்லும் கோடு பிஓஎஸ். அது 11, அதாவது டாக்டரின் சொந்த ஆபீஸ் என்றால்தான் இந்தக் கணக்கு. எமர்ஜென்சியில், பிஓஎஸ் 23-இல் போட்ட ஊசிக்கு டாக்டர் பக்கத்திலிருந்து 96372-உம் வராது, ஜே கோடும் வராது. மருந்தும் நர்ஸும் ஆஸ்பத்திரியுடையது, அவர்கள் ஆஸ்பத்திரி கிளெய்ம் படிவமான யூபி-04-இல் ரெவென்யூ கோடு 0636 போட்டு அனுப்புவார்கள். டாக்டருக்கு 99281 முதல் 99285 வரையிலான ஈ/எம் மட்டும்.

ஜேஇசட் போடலன்னு ரிஜெக்ட் ஆகுது. வேஸ்டே ஆகாத மருந்துக்கு எதுக்கு மாடிஃபயர்?

வேஸ்ட் ஆகவில்லை என்று சொல்வதற்கே அந்த மாடிஃபயர். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் வயல், சிரிஞ்சு ஆகியவற்றில் மிச்சத்தைக் கொட்டினால் ஜேடபிள்யூ, ஒரு துளியும் கொட்டாவிட்டால் ஜேஇசட். 2023 ஜூலை 1 முதல் மெடிகேர் பார்ட் பி-யில், அதாவது முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸின் டாக்டர் செலவுப் பகுதியில், இரண்டில் ஒன்று கட்டாயம். சும்மா விட்டால் மறந்துவிட்டீர்களா, நிஜமாகவே வேஸ்ட் இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஐகாட்டிபாண்டில் முழு சிரிஞ்சும் போய்விடும், ஆகவே ஜேஇசட். இந்த மருந்துக்கு மெடிகேர் பார்ட் பி-யிலேயே வேறு சிக்கல் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனாலும் பிரைவேட் பேயர்கள் பலர் மெடிகேரைப் பார்த்து இதே விதியை வைத்திருக்கிறார்கள். ஜேடபிள்யூ கணக்கு வேறு மருந்துகளில் வரும், அதுவும் கீழே.

என்டிசி நம்பர் பாக்ஸ்ல பத்து டிஜிட்தான் இருக்கு, சிஸ்டம் பதினொண்ணு கேட்குது. எங்கே பூஜ்யம் போடறது?

பின்னாலும் இல்லை, எப்போதும் முன்னாலும் இல்லை. என்டிசி என்பது மருந்துப் பாக்ஸின் அடையாள எண், கிளெய்மில் அதற்கு வேண்டியது 5-4-2 இலக்க அமைப்பு. பாக்ஸில் எந்தப் பகுதி ஒரு இலக்கம் குறைகிறதோ அதன் முன்னால் பூஜ்யம். உதாரணத்துக்கு ஒரு கற்பனை எண்: 12345-678-90 என்று இருந்தால் நடுப்பகுதி குறைகிறது, அது 12345-0678-90 ஆகும். பிறகு இடையிலுள்ள சிறு கோடுகளை (-) எடுத்துவிட்டு, முன்னால் "என்4" சேர்த்து, டாக்டர் கிளெய்ம் படிவமான சிஎம்எஸ்-1500-இல் 24-ஆம் கட்டத்தின் நிழலிட்ட பகுதியில் போட வேண்டும். எலக்ட்ரானிக் கிளெய்மில் லூப் 2410.

அளவு எழுதும்போதுதான் சறுக்குவார்கள். ஜே1744 லைனில் 30 யூனிட், ஆனால் என்டிசி அளவு மில்லிலிட்டரில் 3, அதாவது "எம்எல்3". ஒரே மருந்துக்கு ஒரே லைனில் இரண்டு கணக்கு. இரண்டையும் 30 என்று போட்டால் பத்து சிரிஞ்சு போட்டதாக அர்த்தமாகிவிடும். கரைத்துப் போடும் பொடி மருந்துகளுக்கு வயல் எண்ணிக்கையை "யூஎன்" என்று எழுதுவோம், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் யூஎன் போட்டுவிடாதீர்கள்.

ஜெனரிக் போட்டாலும் கோடு அதே ஜே1744தான், என்டிசி மட்டும் மாறும். போன மாத கிளெய்மிலிருந்து காப்பி எடுக்காமல், அன்று உடைத்த பாக்ஸின் எண்ணை நர்ஸ் நோட்டிலிருந்து எடுங்கள்.

மருந்தை ஸ்பெஷல்டி பார்மசி நேரா கிளினிக்குக்கு அனுப்பிச்சாங்க. ஜே1744 பில் பண்ணலாமா?

ஆரம்பத்தில் சொன்ன முதல் கேள்வி இங்கே வருகிறது. யார் காசு? பார்மசி ஏற்கெனவே இன்ஷூரன்ஸிடம் மருந்துக்குக் காசு வாங்கிவிட்டது. நாமும் கேட்டால் ஒரே மருந்துக்கு இரண்டு பில். தெரிந்து செய்தால் மோசடி, தெரியாமல் செய்தாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இப்படி பார்மசி நேராக அனுப்புவதை வொயிட் பேகிங் என்பார்கள், பேஷண்டே கையில் கொண்டு வந்தால் பிரவுன் பேகிங். இரண்டிலும் நாம் 96372 மட்டும் அனுப்பலாம்.

சில பேயர்கள் எந்த மருந்துக்கான ஊசி என்று தெரிய ஜே கோடு லைனையும் கேட்பார்கள், அப்போது ஒரு சென்ட் போன்ற பெயருக்கான தொகையுடன் அனுப்புவோம். அது அந்தந்த பேயரின் விதி, எல்லோருக்கும் செய்யக்கூடாது. கிளினிக் தானே வாங்கி ஸ்டாக் வைத்திருந்தால், அதாவது பை அண்ட் பில் என்றால் மட்டுமே முழு விலையில் ஜே1744. வாங்கிய இன்வாய்ஸ் கையில் இருக்கட்டும், அப்பீலில் உதவும்.

பேஷண்ட் வீட்லயே தானே குத்திக்கிட்டு, அடுத்த நாள் கிளினிக்குக்கு வந்திருக்காங்க. எதைப் பில் பண்றது?

அந்த விசிட்டின் ஈ/எம் மட்டும். யார் கை என்ற இரண்டாவது கேள்விக்கு விடை பேஷண்டின் கை, அதனால் 96372 இல்லை. மருந்து பார்மசி வழியே வந்தது, அதனால் ஜே1744-உம் இல்லை. நோட்டில் "ஐகாட்டிபாண்ட் 30 மில்லிகிராம் எடுத்துக்கொண்டார்" என்று இருப்பதைப் பார்த்துச் சார்ஜ் ஏற்றிவிடுகிறார்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். எடுத்துக்கொண்டாரா, கொடுக்கப்பட்டதா?

முதல் முறை நர்ஸ் சொல்லிக் கொடுக்க, பேஷண்ட் தானே குத்திப் பழகும் பயிற்சி விசிட் ஒன்று வரும். அங்கும் 96372 கிடையாது. நர்ஸ் செய்து காட்டுவதற்காகத் தன் கையால் போட்டிருந்தால் மட்டும் உண்டு, நோட்டில் அப்படி எழுதியிருக்க வேண்டும்.

மெடிகேர் பேஷண்ட். நர்ஸ்தான் போட்டாங்க, கிளினிக்தான் வாங்கினாங்க, எல்லாம் சரியா இருக்கு. ஏன் டினையல்?

இத்தனை கேள்விகளில் எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் என் இரண்டு கேள்வி சூத்திரம் இங்கே பாதி உடைகிறது. மெடிகேர் பார்ட் பி பொதுவாக டாக்டர் ஆபீஸில் போடும் ஊசிக்குக் காசு தரும், ஆனால் "பெரும்பாலும் தானே போட்டுக்கொள்ளும் மருந்து" என்றால் தராது. ஒரு மருந்தைப் பயன்படுத்தும் மெடிகேர் பயனாளிகளில் 50 சதவீதத்துக்கும் மேல் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள் என்று அந்தப் பகுதியின் மேக், அதாவது மெடிகேர் கான்ட்ராக்டர் முடிவு செய்தால், அந்த மருந்து விலக்குப் பட்டியலில் போய்விடும். அதற்குப் பெயர் எஸ்ஏடி பட்டியல். ஐகாட்டிபாண்ட் வீட்டில் போட்டுக்கொள்ளவே வடிவமைத்த சிரிஞ்சு, மேக் பட்டியல்களில் ஜே1744-ஐப் பார்க்கலாம்.

கவனியுங்கள், உங்கள் பேஷண்டுக்கு அன்று யார் போட்டார்கள் என்பது அங்கே கணக்கே இல்லை. ஊரில் பாதிக்கு மேல் என்ன செய்கிறார்கள் என்பதே கணக்கு. நர்ஸ் போட்டதாக எத்தனை ரெக்கார்டு அனுப்பி அப்பீல் செய்தாலும் நகராது.

சரி, என்ன செய்வது? விசிட்டுக்கு முன்பே உங்கள் மேக்கின் பட்டியலைப் பாருங்கள். அதில் இருந்தால் பேஷண்ட் மெடிகேரின் மருந்துப் பகுதியான பார்ட் டி வழியாக பார்மசியில் வாங்க வேண்டும். செகண்டரி, அதாவது பேஷண்டின் இரண்டாவது இன்ஷூரன்ஸுக்காக டினையல் தேவைப்பட்டால் ஜிஒய் மாடிஃபயருடன் அனுப்பலாம். இது சட்டப்படியே விலக்கப்பட்டது என்பதால் ஏபிஎன், அதாவது மெடிகேர் காசு தராமல் போகலாம் என்று பேஷண்டுக்கு முன்கூட்டிக் கொடுக்கும் அறிவிப்புப் படிவம், கட்டாயமில்லை, ஆனாலும் செலவை முன்கூட்டிச் சொல்லிவிடுவது மரியாதை. பார்ட் டி-யில் பேஷண்ட் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய மருந்துச் செலவுக்கு இப்போது வருட உச்சவரம்பு இருக்கிறது. 2025-இல் 2,000 டாலர், 2026-இல் 2,100. இந்த மாதிரி மருந்து எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆத் வாங்க என்னென்ன பேப்பர் அனுப்பணும்? ஒவ்வொரு தடவையும் "மோர் இன்ஃபோ"ன்னு திருப்பி அனுப்பறாங்க.

லேப் ரிப்போர்ட் இல்லாமல் அனுப்பினால் திரும்பத்தான் வரும். சி4 அளவு, சி1 இன்ஹிபிட்டர் அளவு, சி1 இன்ஹிபிட்டர் செயல்திறன், இந்த மூன்றும் தேதியோடு வேண்டும். வகை 1-இல் அளவும் செயல்திறனும் குறைவு. வகை 2-இல் அளவு சரியாக இருக்கும், செயல்திறன் மட்டும் குறைவு. இது தெரியாமல் "அளவு நார்மலாக இருக்கிறதே" என்று வகை 2 பேஷண்டின் ரிப்போர்ட்டைப் பாதியாக அனுப்பி டினையல் வாங்கியவர்கள் உண்டு. மூன்றுமே நார்மலாக இருந்தும் ஹெச்ஏஇ இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரபணுச் சோதனை, குடும்ப வரலாறு, ஆன்டிஹிஸ்டமின் கொடுத்தும் கேட்கவில்லை என்ற பதிவு எல்லாம் கேட்பார்கள்.

அப்புறம், எழுதிக் கொடுத்தவர் அலர்ஜி அல்லது இம்யூனாலஜி நிபுணரா, வந்த வீக்கத்தை அடக்கும் வேறு அக்யூட் மருந்தும் சேர்த்துக் கேட்கிறார்களா, பேஷண்ட் ஏசிஇ இன்ஹிபிட்டர் வகை பிரஷர் மாத்திரை எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். புதுப்பிக்கும்போது வீக்கம் வந்த நாட்களின் பதிவு கேட்பார்கள், ஆகவே பேஷண்டை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லும்படி கிளினிக்கிடம் சொல்லுங்கள். ஆத் கிடைத்ததும் அது மெடிக்கல் பெனிஃபிட்டிலா பார்மசி பெனிஃபிட்டிலா என்று படியுங்கள். பார்மசி பக்க ஆத் நம்பரை 23-ஆம் கட்டத்தில் போட்டு ஜே1744 அனுப்பினால் ஆத் இல்லை என்றுதான் டினை ஆகும்.

ராத்திரி தொண்டை வீங்கி எமர்ஜென்சிக்கு ஓடினாங்க. ஆத் வாங்கலன்னு சிஓ-197 டினையல் கோடு வருது. இதென்ன நியாயம்?

நியாயமில்லை, சட்டப்படியும் சரியில்லை. எமர்ஜென்சி சேவைக்கு முன் அனுமதி கேட்கக்கூடாது என்பது அமெரிக்காவில் பிரைவேட் ஹெல்த் பிளான்களுக்கு உள்ள விதி. ஊசி தானே போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள்கூடத் தொண்டை வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மருந்தின் லேபிளே சொல்கிறது. ஆஸ்பத்திரி கிளெய்ம் என்றால் எமர்ஜென்சி ரெக்கார்டையும் லேபிள் வரியையும் இணைத்து அப்பீல் போடுங்கள்.

எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு அட்மிட் செய்துவிட்டால் கதை வேறு. மெடிகேராக இருந்தால் மருந்தும் டிஆர்ஜி, அதாவது அட்மிஷன் முழுவதற்கும் சேர்த்துத் தரும் தொகைக்குள் அடங்கிவிடும், தனியாக ஜே கோடு தேடாதீர்கள்.

காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு டோஸ். ட்யூப்ளிகேட்னு சிஓ-18 வருது.

மருந்தை ஒரே லைனில் 60 யூனிட் என்று அனுப்புங்கள். 30, 30 என்று இரண்டு லைன் போனால் ட்யூப்ளிகேட் என்றே சிஸ்டம் நினைக்கும். ஊசி போட்டதற்கு இரண்டாவது 96372-உடன் மாடிஃபயர் 59 அல்லது 76, எது என்பது பேயரைப் பொறுத்தது. நோட்டில் இரண்டு நேரமும் இருக்க வேண்டும், இடைவெளி 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. காலை 9-க்கும் மதியம் 1-க்கும் போட்டதாக இருந்தால் பில்லிங்கில் சரிசெய்ய ஒன்றுமில்லை, டாக்டரிடம் திரும்ப அனுப்புங்கள்.

பெரினெர்ட், ருகோனெஸ்ட், கால்பிட்டார்னு வருதே, எல்லாத்துக்கும் இதே ரூல்தானா?

ஒரே நோய், ஆனால் கணக்கு வேறு. பெரினெர்ட் ரத்தத்திலிருந்து பிரித்த சி1 இன்ஹிபிட்டர், ஜே0597, ஒரு பில்லிங் யூனிட்டுக்கு 10 மருந்து யூனிட். கிலோவுக்கு 20 யூனிட், 500 யூனிட் வயலில் வரும். 70 கிலோ ஆள் என்று வையுங்கள்: வேண்டியது 1,400, உடைப்பது மூன்று வயல், அதாவது 1,500. முதல் லைன் ஜே0597, 140 யூனிட். இரண்டாவது லைன் ஜே0597-ஜேடபிள்யூ, 10 யூனிட். முதல் லைனில் ஜேஇசட் வராது. எடை நோட்டில் இல்லாவிட்டால் இந்தக் கிளெய்முக்கு ஆதாரமே இல்லை.

ருகோனெஸ்ட் ஜே0596, அதுவும் 10-க்கு ஒன்று. கிலோவுக்கு 50 யூனிட், உச்சம் 4,200, வயல் 2,100. 60 கிலோ என்றால் 3,000 போய் 1,200 வேஸ்ட்: 300 யூனிட் ஒரு லைன், ஜேடபிள்யூ-வுடன் 120 யூனிட் இன்னொரு லைன். இவை இரண்டும் நரம்பில் சில நிமிடங்களில் மெதுவாக ஏற்றுவது, ஆகவே 96372 இல்லை, 96374. 15 நிமிடத்துக்குள் முடிந்தால் அது புஷ்தான், 96365 இன்ஃப்யூஷன் என்று ஏற்றாதீர்கள்.

கால்பிட்டார், அதாவது எகாலன்டைடு, ஜே1290, ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட், மொத்தம் 30. ஆனால் 10 மில்லிகிராமாக மூன்று இடத்தில் தோலடி ஊசி. அனஃபிலாக்சிஸ் எச்சரிக்கை இருப்பதால் மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும், வீட்டில் போட்டுக்கொள்ள முடியாது. மேலே சொன்ன எஸ்ஏடி தலைவலி இதற்கு இல்லாததற்கும் அதுதான் காரணம். மூன்று குத்துக்கு மூன்று 96372-ஆ ஒன்றா என்பதில் பேயர்கள் ஒரே மாதிரி இல்லை, பாலிசியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

டக்சைரோ, ஹேகார்டா, சின்ரைஸ் எல்லாம் வீக்கம் வராமல் தடுக்க எடுப்பவை, வந்த வீக்கத்துக்கு அல்ல. ஒரு பேஷண்டிடம் தடுப்பு மருந்தும் ஐகாட்டிபாண்டும் இரண்டும் இருப்பது சாதாரணம், ட்யூப்ளிகேட் தெரபி என்று டினை ஆனால் இதைச் சொல்லி வாதாடலாம்.

பிரஷர் மாத்திரையால வீங்கினவருக்கு ஐகாட்டிபாண்ட் போட்டிருக்காங்க. டேவிட்-டி84.1 போட்டா பெய்ட் ஆகுமே?

ஆகும், அப்புறம் ஆடிட்டில் மாட்டும். லிசினோப்ரில் மாதிரி ஏசிஇ இன்ஹிபிட்டரால் வரும் வீக்கம் பரம்பரை நோய் இல்லை. அதற்கு டாம்-டி78.3எக்ஸ்எக்ஸ்ஏ முதலில், மருந்தின் பக்கவிளைவு என்பதற்கு டாம்-டி46.4எக்ஸ்5ஏ இரண்டாவது. அங்கும் பிராடிகைனின்தான் குற்றவாளி, அதனால் டாக்டர் யோசித்ததில் தப்பில்லை. ஆனால் அமெரிக்க அனுமதி ஹெச்ஏஇ-க்கு மட்டும், இது லேபிளுக்கு வெளியே. டினை ஆகலாம் என்று கிளினிக்கிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பெய்ட் ஆக வேண்டும் என்பதற்காக நோயை மாற்றுவது நம் வேலை இல்லை.

டினையல் கோடைப் பார்த்தவுடனே என்ன செய்யணும்னு சுருக்கமா சொல்லுங்க.

சிஓ-11 என்றால் டயக்னோசிஸ் பொருந்தவில்லை, இரண்டு "டி" பதிலுக்குப் போங்கள். சிஓ-16 என்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது, ஜே1744-இல் முதலில் பார்க்க வேண்டியது என்டிசி, ரிமார்க் கோடையும் படியுங்கள். சிஓ-4 மாடிஃபயர். சிஓ-151 என்றால் இத்தனை யூனிட்டுக்கு ஆதாரம் போதவில்லை, டோஸும் நேரமும் உள்ள நர்ஸ் நோட் அனுப்புங்கள். சிஓ-50 என்றால் மருத்துவ அவசியம் கேட்கிறார்கள், லேப் ரிப்போர்ட்டோடு அப்பீல்.

நம் பக்கத் தப்பு என்றால் அப்பீல் போடாதீர்கள், திருத்திய கிளெய்ம் அனுப்புங்கள். பிரைவேட் பேயருக்கு 22-ஆம் கட்டத்தில் 7 என்ற எண்ணும் பழைய கிளெய்ம் எண்ணும். மெடிகேர் பார்ட் பி அந்த 7-ஐ ஏற்காது, அங்கே ரீஓபனிங் கேட்க வேண்டும். மெடிகேரில் கிளெய்ம் அனுப்ப சேவை நாளிலிருந்து ஒரு வருடம், முதல் நிலை அப்பீலுக்கு 120 நாள்.

பேஷண்ட் காப்பே கார்டு வெச்சிருக்காங்க. மெடிகேருக்கும் போடலாமா?

கூடாது. பேஷண்ட் கட்ட வேண்டிய பங்கைக் குறைக்க மருந்துக் கம்பெனி தரும் காப்பே கார்டு பிரைவேட் இன்ஷூரன்ஸுக்கு மட்டும். மெடிகேர், மெடிகெய்ட் போன்ற அரசுத் திட்டங்களில் அதைப் பயன்படுத்துவது ஆன்டி-கிக்பேக் சட்டத்தில் மாட்டும்.

இப்ப மாத்திரையே வந்துடுச்சாமே? அதுக்கு ஜே கோடு என்ன?

எக்டெர்லி, அதாவது செபெட்ரால்ஸ்டாட். 2025 ஜூலையில் எஃப்டிஏ அனுமதி பெற்றது, வந்த வீக்கத்தை அடக்க வாயால் எடுக்கும் முதல் மருந்து. டோஸ் 600 மில்லிகிராம், 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. வீட்டில் விழுங்கும் மாத்திரை பார்மசி பெனிஃபிட்டில் போகும், நம் மேஜைக்கு ஜே கோடாக வராது. நோட்டில் அந்தப் பெயரைப் பார்த்து ஜே1744 ஏற்றிவிடாமல் இருந்தால் போதும். போன வாரம் ஒருவர் ஏற்றியிருந்தார், அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே இருக்கிறது.